மருந்துக் கடைக்குப் போகும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஆசை ஆசையாக வீட்டுத் தோட்டம் போட்டேன், கத்தரியில் புழு, வெண்டை மஞ்சளாகிப் போச்சு, செம்பருத்தி முழுக்க வெள்ளைப் பஞ்சு, மூன்று தடவை மருந்து அடித்தும் கேட்கவில்லை, அதனால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பின்வாசல் முழுக்க சிமெண்ட் பூசப் போகிறேன் என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கொத்தனாரைக் கூப்பிடுவதற்குள் இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நான் பள்ளத்தூரில் இருக்கிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து 32 வருடம் ஆகிறது. மூன்றாம் கட்டைத் தாண்டினால் கிணற்றடி, அதை ஒட்டி ஒரு எட்டு சென்ட் தோட்டம். நாலு தென்னை, இரண்டு முருங்கை, ஒரு எலுமிச்சை, பப்பாளி, செம்பருத்தி, மல்லிகை, ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்ட ஒரு கறிவேப்பிலை, அப்புறம் பட்டத்துக்குத் தகுந்தபடி கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை. நான் விவசாயம் படித்தவள் இல்லை. தெரிந்ததெல்லாம் மாமியாரிடம் கேட்டது, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலையும் கையுமாகப் போய் அங்கிருந்தவர்களிடம் கேட்டது, மீதி செடியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் புரிந்தது.

தேவகோட்டை வாசகருக்கு நடந்த அதே கதை எனக்கும் ஆறு வருடம் முன்னால் நடந்தது. கிணற்றடிச் செம்பருத்தியில் நுனிக் கொழுந்தெல்லாம் சுருண்டு, கொத்துக் கொத்தாக வெள்ளை அப்பிக்கொண்டு, மொட்டு விரியாமலேயே உதிர்ந்தது. ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பெரிய கேனிலிருந்து பழைய குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றி, மூடி இறுக்கி, “ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க ஆச்சி, எல்லாப் பூச்சியும் போயிரும்” என்று கொடுத்தார். பெயர் இல்லை, லேபிள் இல்லை, பில் இல்லை. நானும் வாங்கி வந்து காலை எட்டு மணிக்கு, பூவில் தேனீ மொய்க்கிற நேரத்தில், செம்பருத்திக்கு அடித்து, மீந்ததை வீணாக்க வேண்டாமே என்று பக்கத்திலிருந்த கத்தரிக்கும் முருங்கைக்கும் சேர்த்து அடித்தேன். மறுநாள் காலையில் முருங்கையடியைக் கூட்டினால் முறத்தில் தேனீக்கள். தும்பி, பொறிவண்டு, கும்பிடுபூச்சி என்று எல்லாம் செத்துக் கிடந்தன. செம்பருத்தி பத்து நாள் சுத்தமாக இருந்தது. மூன்றாம் வாரம் அந்த வெள்ளை மாவுப்பூச்சி முன்னைவிட இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்தது, அந்தத் தடவை அதைத் தின்ன தோட்டத்தில் ஒரு ஜீவனும் மிச்சமில்லை. முருங்கை அந்த வருடம் காய்க்கவே இல்லை என்று சொல்லலாம், பூத்துப் பூத்து உதிர்ந்தது.

அதற்கப்புறம்தான் இலையைக் கிள்ளிக்கொண்டு குன்றக்குடி போனேன். அங்கே இருந்த பெண் அலுவலர் ஒரு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, “நீங்களே பாருங்கம்மா” என்றார். பார்த்தேன். வெள்ளைப் பொடிக்குள்ளே இளஞ்சிவப்பாக, முட்டை வடிவில், நகரச் சோம்பல்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவை மாவுப்பூச்சி. அதே கிளையில் இன்னொன்று இருந்தது. அதுவும் வெள்ளைதான், ஆனால் மூன்று நாலு மடங்கு பெரிது, உடம்பு முழுக்கத் திரித்த பஞ்சுபோல நீள நீளமாக மெழுகு இழை, விறுவிறுவென்று நடந்துபோய் மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் தலையை விட்டது. “இதுதான் பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியைத் தின்கிறதுக்காகவே இருக்கு” என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஏனென்றால் ‘பெரிய மாவுப்பூச்சி, இதுதான் தாய்’ என்று நினைத்து ஒவ்வொரு நாளும் தேடித் தேடி நான் நசுக்கிக்கொண்டிருந்தது அதைத்தான்.

கிரிப்டோலேமஸ் என்று அந்தப் பொறிவண்டுக்குப் பெயர். வளர்ந்தால் கறுப்பு முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக மிளகு அளவுக்கு இருக்கும். வெள்ளையாக இருப்பதெல்லாம் எதிரி இல்லை என்பதற்காக இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். நகர்கிற வேகத்தைப் பாருங்கள், வேகமாக ஓடினால் விட்டுவிடுங்கள்.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவிப் படாத பாடு படுத்தியது. அடிக்காத மருந்து கிடையாது. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். அசிரோபேகஸ் பப்பாயே என்று பெயர், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கொட்டாது, கடிக்காது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைப்பது மட்டும்தான் அதற்கு வேலை. மருந்தால் அடங்காதது அந்தக் குளவியால் அடங்கியது. அந்தக் குளவி இன்னும் நம்மோடுதான் இருக்கிறது, நாம் கண்டதையும் தெளித்துக் கொல்லாமல் இருந்தால்.

சரி, செம்பருத்தியில் வந்துவிட்டது, என்ன செய்வது? ரொம்பவும் சுருண்ட நுனிகளைச் சாண் நீளத்துக்கு வெட்டி, உதறாமல் நேராக சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள். மற்ற கிளைகளை ஹோஸ் பைப்பால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், இரண்டு நாளைக்கு ஒரு தடவை, ஒரு பத்து நாள். பாதி வேலை இதிலேயே முடியும். அடுத்தது எறும்பு. மாவுப்பூச்சி விடுகிற தேன்போன்ற கழிவுக்காக எறும்பு அதைப் பசுமாடு மாதிரிக் காவல் காத்து வளர்க்கும், பொறிவண்டும் குளவியும் கிட்டே வந்தால் விரட்டும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்தால் மேலே ஏதோ சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அடித்தண்டில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவிவிடுங்கள், தண்டின் மேலேயே நேராகத் தடவ வேண்டாம். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பாலம் வழியாக ஏறிவிடும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால்தான் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு முதலில் நன்றாகக் குழைத்து, அப்புறம் தண்ணீர் சேர்த்து, சாயங்காலம் வெயில் இறங்கினபிறகு தெளிக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பொறுங்கள், இலை கருகவில்லை என்றால் மற்றதற்கு.

இந்த இடத்தில் நம் ஊர்களுக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் பதினொரு வீடு, அதில் ஆறு வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிறது. சென்னையில் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கிறார்கள், கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்து போவார்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆள் உண்டு, தோட்டத்தைப் பார்க்க ஆள் கிடையாது. பூட்டிய வீட்டின் பின்கட்டில் செம்பருத்தியும் கொய்யாவும் வெள்ளை பூத்து நிற்கும். மதிலைத் தாண்டித் தொங்கும் கிளையில் பூஜைக்குப் பூப் பறித்துக்கொண்டு போகிறவர்கள் பூக்கூடையோடு மாவுப்பூச்சிக் குஞ்சையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சொந்தக்காரர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் யாரையாவது பிடித்துத் தோட்டம் முழுக்க மருந்து அடித்துவிடச் சொல்கிறார்கள், வந்த பிள்ளைகள் அந்த மரத்திலேயே கொய்யா பறித்துக் கழுவாமல் கடிக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். வீடு கூட்ட வருகிறவருக்கு மாதம் ஒரு இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பின்கட்டுச் செடிகளைக் கழுவி, பாதிக்கப்பட்ட கிளையை வெட்டச் சொல்லுங்கள். மருந்து அடிக்கச் சொல்லாதீர்கள்.

தென்னைக்கு வருகிறேன். தேங்காய் பறிக்க வருகிற தம்பி போன வருடம், “ஆச்சி, மட்டையெல்லாம் கரி பிடிச்சுப் போச்சு, இதுக்கு மருந்து வேர்ல கட்டணும்” என்றான். கீழ் மட்டை ஒன்றை வெட்டச் சொல்லி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கோலப்பொடியால் யாரோ சுருள் சுருளாகப் போட்டதுபோல வெள்ளை வட்டங்கள், தொட்டால் மெழுகு. சுருள் வெள்ளை ஈ. ரூகோஸ் என்று சொல்வார்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது, இப்போது எங்கேயும் இருக்கிறது, வாழை, கொய்யா, சப்போட்டாவிலும் உட்காரும். அது விடுகிற கழிவு கீழ் மட்டைகளின் மேல் சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. அந்தத் தம்பி பார்த்த கரி அதுதான். கரி மரத்துக்கு வந்த நோய் இல்லை, மேலே இருக்கிற ஈயின் கழிவுமேல் வளர்ந்த பூஞ்சை. இதற்கும் ஒரு குளவி இருக்கிறது, என்கார்சியா. வெள்ளை ஈயின் குஞ்சுகள் கறுத்துப்போய் இருந்தால் அந்தக் குளவி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மட்டையை எரிக்கக் கூடாது, வெள்ளை ஈ இருந்து குளவி இல்லாத மரத்தடிக்குக் கொண்டுபோய்க் கட்டிவைக்கலாம். நான் செய்தது இவ்வளவுதான்: எட்டுகிற மட்டைகளின் அடிப்பக்கத்துக்கு மோட்டார் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியது, மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்தில் தொங்கவிட்டது, கரி பிடித்த மட்டைக்கு மைதாக் கஞ்சி. ஒரு லிட்டருக்கு 25 கிராம் மைதா கணக்கில் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டித் தெளித்தால் வெயிலில் காய்ந்து அப்பளம்போல உரிந்து கரியையும் சேர்த்துக்கொண்டு விழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். காய் குறைந்தது உண்மை, ஆனால் மரம் நன்றாக இருக்கிறது.

கறிவேப்பிலையில் இலை காணாமல் போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உற்றுப் பாருங்கள், இலைமேல் காக்கை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு. வளர்ந்தபின் இலையின் பச்சையாகவே மாறிவிடும். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு நெடியும் வரும். எலுமிச்சைக் கன்றைத் தின்பதும் இதே புழுதான். முழங்கால் உயரக் கன்று என்றால் கையால் எடுத்துவிடுங்கள், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். பெரிய மரமென்றால் விட்டுவிடலாம், தின்றது போக நமக்கு நிறைய இருக்கும், குருவியும் தின்றுகொள்ளும். தாளிக்க உருவுகிற இலைக்கு ஒருபோதும் மருந்து அடிக்காதீர்கள். காலையில் அடித்ததைச் சாயங்காலம் குழம்பில் போடுகிற செடி அது. கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பூச்சி இல்லை, சத்துக் குறைவு. புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றுவது எங்கள் மாமியார் காலத்துப் பழக்கம், எங்கள் செடி அதில் நன்றாகத்தான் துளிர்க்கிறது.

இப்போது தேவகோட்டை வாசகரின் கத்தரி. காய்க்குள் புழு இருக்கும்போது மேலே என்ன அடித்தும் பிரயோசனமில்லை, அது உள்ளே பத்திரமாக இருக்கிறது. அந்தப் புழு காய்க்குப் போவதற்கு முன்னால் குருத்தில்தான் இருக்கும். செடி பச்சென்று இருக்கையில் ஒரே ஒரு நுனி மட்டும் தண்ணீர் இல்லாததுபோலத் தலை தொங்கினால், அங்கே கிள்ளிப் பாருங்கள், தண்டின் நடுவில் சின்னத் துளை, அதற்குள் புழு. தொங்கின இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள் அல்லது எரியுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்தாலே காய் பாதிக்கு மேல் தப்பும். அடுத்த முக்கியமான விஷயம், ஓட்டை விழுந்த காயைக் குப்பைக் குழியில் வீசக் கூடாது. கோசமல்லிக்கு வெட்டும்போது புழு இருந்தால் நாம் என்ன செய்கிறோம், அப்படியே பின்வாசலில் எறிகிறோம். அது கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகி மறுபடி அதே கத்தரிக்குத்தான் வரும். இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று வாங்கிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் ஆண் அந்துகள் அதில் விழும், வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்று போதும், உள்ளே இருக்கும் வாசனை மாத்திரையை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். செடியில் இலை குட்டிக் குட்டியாகக் கொத்தாக வந்து காயே பிடிக்காமல் நின்றால் அது சிற்றிலை நோய். அதைப் பிடுங்குவதைத் தவிர வழி இல்லை.

வெண்டை மஞ்சளானதும் அப்படித்தான். இலை நரம்பு வலை வலையாக மஞ்சளடித்து, காயும் வெளிறிச் சின்னதாகி வந்தால் அது வைரஸ், மஞ்சள் நரம்புத் தேமல். வைரசுக்கு மருந்தே கிடையாது. யார் எந்த பாட்டிலைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முதல் செடியில் கண்டதுமே பாசம் பார்க்காமல் வேரோடு பிடுங்கிவிட வேண்டும், ஏனென்றால் வெள்ளை ஈ அந்தச் செடியில் குடித்த வாயோடு அடுத்த செடிக்குப் போகும். கோடையில் வெள்ளை ஈ அதிகம், அப்போது போடும் வெண்டைக்கு இது வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆடிப்பட்டத்தில் போடுங்கள், இந்த நோயைத் தாங்குகிற ரகமாகக் கேட்டு வாங்குங்கள், வரிசைக்கு நடுவே விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை நாலு வையுங்கள்.

எல்லா மருந்துக்கும் நான் விரோதி இல்லை. பனி இறங்குகிற மாதங்களில் வெண்டை இலையில் சாம்பல் பூசினாற்போல நோய் வந்தபோது, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து நானே தெளித்திருக்கிறேன், கேட்டது. வெயில் உச்சியில் அடித்தால் இலை கருகும், பூசணி வகைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, இதெல்லாம் அந்தப் பொட்டலத்தோடு வருகிற தாளில் இருக்கிறது. என்ன நோய் என்று தெரிந்து, என்ன மருந்து என்று தெரிந்து அடிப்பது வேறு, தெரியாத நோய்க்குப் பெயர் தெரியாத தண்ணியை அடிப்பது வேறு.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயில் முக்கால்வாசி அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்முடையது செம்மண், இரண்டு முழம் தோண்டினால் செம்புறாங்கல். ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற சத்தும் சல்லடைபோல இறங்கிவிடும். செடி வாடுகிறது என்று யூரியாவை அள்ளிப் போட்டால் கொழுகொழுவென்று இளந்துளிர் விடும், அந்தச் சாற்றுக்குத்தான் அசுவினியும் வெள்ளை ஈயும் ஓடி வரும். கண்மாய் வண்டல் ஒரு நடை, நன்றாக மக்கிய சாணி எரு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, மேலே காய்ந்த சருகு மூடாக்கு, இவ்வளவு இருந்தால் சித்திரை வெயிலையும் செடி தாங்கும். எரு என்றால் மக்கியதுதான். பச்சைச் சாணியைக் குவித்துவைத்தால் அதில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், கட்டைவிரல் தடிப்பில் வளைந்து கிடக்குமே வெள்ளைப் புழு, அது வளர்ந்து போய்த் தென்னங்குருத்தைக் குடையும். எருக்குழியை மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் கோழியே பொறுக்கித் தின்றுவிடும். கோழி இல்லாதவர்கள் மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சாணத் தூள் வாங்கிக் குழியில் கலக்கலாம்.

முருங்கையில் மழைக்குப் பின்னால் வரும் கம்பளிப்பூச்சிக்குப் பந்தம் கொளுத்துகிறார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். மரத்துக்குத்தான் கேடு. பகலில் அவை அடிமரத்தில் ஒரே கூட்டமாக அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பழைய துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் வழித்துவிடுங்கள். கையால் தொடாதீர்கள், அரிப்பு ஒரு நாள் முழுக்க நிற்காது. மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுங்கள். மொட்டு ஊதாவாகிக் காம்பில் வீங்கி உதிர்ந்தால் உள்ளே மொட்டு ஈயின் புழு இருக்கிறது, உதிர்ந்ததைப் பொறுக்கி எரித்துவிட்டு அடிமண்ணைக் கிளறி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள், அது மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். எருக்கிலும் அரளியிலும் மஞ்சளாக மொய்க்கிற அசுவினியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கத்தரிக்கு வராது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுகள்தான் அங்கே பெருகிக் கத்தரிக்கு வரும். மதில் ஓரத்தில் ஒரு எருக்கு நின்றால் நிற்கட்டும்.

இனி வேம்பு. இதை எழுதுகிற இந்த ஆனிக் கடைசியில் எங்கள் தெருவில் எங்கே பார்த்தாலும் வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கிறது, காலையில் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் போடுகிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது. பழத்தைச் சேர்த்துத் தோல் நீக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டிவைத்தால் பல மாதத்துக்கு வேண்டிய மருந்து அதுதான். பத்து லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பு. உரலில் இடித்துத் துணியில் முடிந்து இரண்டு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் பால் நிற்கும்வரை பிழிந்து, மீதித் தண்ணீர் சேர்த்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, அன்றைக்குச் சாயங்காலமே இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். வைத்திருந்து மறுநாள் அடித்தால் வீரியம் இருக்காது, வெயிலில் அடித்தாலும் சீக்கிரம் போய்விடும். பொறுக்கி மூன்று மாதம் ஆன பருப்பு நல்லது, எட்டு மாதத்துக்கு மேல் பழசானால் குறைந்துபோகும். இது பூச்சியை அடித்த மாத்திரத்தில் சாகடிக்காது. தின்னவிடாது, வளரவிடாது. அதனால் மறுநாளே பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது, ஒரு வாரம் பொறுத்து இன்னொரு தடவை தெளிக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சிமருந்தைக் காய்கறியில் அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டது. பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரத்துக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும், சிவப்பு கொடிய விஷம், பச்சை குறைந்த விஷம். குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் நிறத்துக்கு எங்கே போவது? குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த பாட்டில் சமையல் கட்டு அலமாரியில் எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில்லறையாக ஊற்றி விற்பதைத் தோட்டக்கலைத் துறையும் வேளாண் துறையும் நிறுத்த வேண்டும். அதோடு, வாரச் சந்தை கூடும் நாளில் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதுவயலிலும் ஒரு மேஜை போட்டு, ஒரு கண்ணாடியோடு ஒரு அலுவலர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். காய் வாங்க வருகிறவர்கள் நோய்ப்பட்ட இலையைக் கொண்டுவந்து காட்டிக் கேட்டுப் போவார்கள். குன்றக்குடியில் நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டில் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தனை பேர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், எட்டு சென்ட் தோட்டக்காரி ஒருத்தி இலையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. எல்லாராலும் அப்படிப் போக முடியாது. நீங்களும் வாரம் ஒரு சின்னப் பத்தியில், அந்தந்த மாதத்தில் எந்தச் செடியில் என்ன வரும் என்று படத்தோடு போடலாம். பொறிவண்டுப் புழுவின் படத்தை முதலில் போடுங்கள்.

தேவகோட்டை வாசகருக்கு: ஐயா, செம்பருத்தியைப் பிடுங்கியிருந்தால் பரவாயில்லை, குச்சி வைத்தால் வந்துவிடும். சிமெண்ட் மட்டும் பூசாதீர்கள். இப்போது ஆடி பிறக்கப் போகிறது, கத்தரி நாற்று என்னிடம் நாற்பது ஐம்பது இருக்கிறது, போன வருடத்து வேப்பம்பருப்பு வீரியம் போய்விட்டதால் புதிதாக இரண்டு சாக்கு நிழலில் காய்கிறது. ஆசிரியர் என் முகவரியை அவருக்குக் கொடுக்கலாம். வந்தால் நாற்றும், ஐப்பசிக்குள் தயாராகிற பருப்பில் ஒரு படியும் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பள்ளத்தூர்.